ஒரு சிறு ஒலிப்பெட்டி

பத்துப்பாட்டினுள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை ஐந்து. பரிசில் பெற்று மீளும் இரவலன் ஒருவன், எதிரே வறுமையோடு வரும் மற்றோர் இரவலனைக் கண்டு, 'இன்ன வழியே சென்று இன்னானைக் காண்பாயாயின் நின் துயர் தீரும்' என்று நெறிப்படுத்துவதே அவ்வகையின் பொதுவியல்பு. இவற்றை வகுப்பில் பாடங்கேட்ட காலத்து, இவ்வழக்கம் நம் காலத்துக்கு ஏலாதென்றே யான் எண்ணியிருந்தேன். ஆயின், சென்ற ஆவணி முதற்கொண்டு விடுதி நண்பரும் வகுப்புத் தோழருமாகப் பதினொருவர், ஒருவர் பின் ஒருவராக, 'வீட்டில் வாசிக்க ஒரு கிட்டார் ஆம்பிளிபையர் வேண்டும்; விலையும் கைக்கடக்கமாயிருத்தல் வேண்டும்; எதை வாங்கலாம்?' என்று என்னை வினவிவிட்டனர். பரிசில் பெற்றவன் என்னும் தகுதி எனக்கில்லை. என் கைப்பொருளைக் கொடுத்தே வாங்கினேன். எனினும், ஒரு முறை வழிதவறிப் பின்னர் வழிகண்டவன் என்னும் தகுதி உண்டு. பதினொருவர்க்கும் தனித்தனியே விடையிறுப்பதினும் இம்மலரில் ஒருமுறை எழுதிவிடுதல் எளிதென்று துணிந்தேன்.

பொருள் இன்னதென்று முதற்கண் விளக்குதல் முறை. மின்கிட்டாரின் உடல் பெரும்பாலும் திண்ணிய மரக்கட்டை. வீணைக்குக் குடமும் சாதாரணக் கிட்டாருக்குக் குடைந்த வயிறும் செய்யும் பணியை அக்கட்டை செய்யாது. கம்பிகளின் கீழே காந்தமும் அதனைச் சுற்றிய நுண்கம்பிச் சுருளும் அமைந்திருக்கும். எஃகுக் கம்பி அதிருங்கால் காந்தப்புலம் அசைந்து, சுருளிலே சிறு மின்னோட்டம் பிறக்கும். அதுவோ ஓர் ஈயின் இறகையும் அசைக்க வலியற்றது. அதனைப் பெருக்கி, ஸ்பீக்கரை உந்தும் ஆற்றலைத் தருவதே ஆம்பிளிபையர். பெருக்கும் கருவி ஒரு பெட்டியிலும் ஸ்பீக்கர் மற்றொரு பெட்டியிலும் இருத்தல் பெருமேடை வழக்கு. இரண்டும் ஒரே பெட்டியிற் குடியிருப்பின் அதனைக் காம்போ என்பர். வீட்டிற்கு ஏற்றது இக்கூட்டுக் குடித்தனமே. 'ஒலிபெருக்கி என்று தமிழில் எழுதலாகாதோ?' என எம் துறையார் கேட்பர். அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் கொடைவிழாப் பந்தற்காலிற் கட்டிய கூம்புக் குழாயே என் கண்முன் நிற்றலின், வழக்கிலுள்ள சொல்லையே கையாளுகின்றேன், பொறுத்தருள்க.

நிற்க. என் கையிலுள்ள கிட்டார் என்னுடையதன்று, என் அண்ணனுடையது. ஆலய வாலிபர் பாடற்குழுவில் வாசித்துப் பழகி, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் அதனை வாங்கினான். பின்னர்க் கப்பற்பணிக்குப் பயிற்சி பெறவேண்டியிருந்தபோது, கட்டணத்திற் குறைந்த தொகைக்காகத் தன் ஆம்பிளிபையரை விற்றான்; கிட்டாரை விற்க மனம் வரவில்லை. புறப்பட்ட நாளில் என்னை அழைத்து, 'தம்பி, கம்பி துருப்பிடிக்க விடாதே' என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. ஒன்றரை ஆண்டுக் காலம் அதனை மின்னின்றியே மீட்டி வந்தேன். அவ்வோசை எதிரே அமர்ந்தவர்க்கும் எட்டாது. சுவரில் ஊரும் பல்லியின் குரலே அதனை வென்றுவிடும்.

எங்கள் இல்லம் பாளையங்கோட்டையில் ஒரு பழைய ஒட்டுவீடு. எங்கள் கூடத்துக்கும் அடுத்த வீட்டுக் கூடத்துக்கும் இடையே ஒரு சுவரே உண்டு. அவ்வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வாழ்கின்றார். தெருவினர் யாவரும் அவரைச் 'சார்வாள்' என்றே அழைப்பர். இரண்டாண்டுகளுக்கு முன் அவருக்கு இருதய அறுவை நிகழ்ந்தது. எங்கள் வீட்டிலோ, ஆச்சிக்கு வயது 81. பகலிற் பாதியும் இரவிற் பாதியும் துயில்பவர். எந்தப் பாதியென்று முன்கூட்டி அறிதல் அரிது. இத்தகைய வீட்டிற்குத்தான் யான் பெட்டி தேடலானேன் என்பதைப் படிப்போர் மறவாதிருத்தல் வேண்டும்.

சென்ற வைகாசியில் என் அத்தான், மேடைகளில் வாசிப்பவர், தம் பெட்டியை ஒரு வாரத்திற்கு எனக்கு இரவல் தந்தார். 40 வாட் வலிமையும் 12 அங்குல ஸ்பீக்கரும் கொண்ட வால்வுப் பெட்டி அது. இருவர் சேர்ந்து தூக்கி உள்ளே வைத்தோம். விசையைத் தட்டியவுடன் பாடாது. வால்வுகள் சூடேறச் சிறிது பொழுது செல்லும். பின்புறத்தே செந்நிறமாய் அவை ஒளிவிடுவதைக் கண்ட ஆச்சி, 'உங்கள் தாத்தாவின் ரேடியோவும் இப்படித்தான் கண் விழிக்கும்' என்று மகிழ்ந்தார். அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஒலிக்குமிழை 1 என்ற குறிவரை திருப்பினேன், ஒன்றும் கேட்கவில்லை. மயிரிழையளவு மேலும் திருப்பிக் கம்பிகள் ஆறையும் ஒருசேர மீட்டினேன். பரணிலிருந்த பித்தளைப் போணியும் தாம்பாளமும் கலகலத்தன. ஆச்சி எழுந்து அமர்ந்துவிட்டார். யான் கம்பிகளைப் பொத்தியபின், சுவருக்கு அப்பால் நாற்காலி ஒன்று விழும் ஓசை கேட்டது.

வெளியே ஓடினேன். சார்வாள் பனியனோடு திண்ணையில் நின்றார். ஒரு கை தூணைப் பற்றியிருந்தது, மற்றொன்று மார்பின்மேல் இருந்தது. அவர் மனைவியார் அவர் தோளைத் தாங்கி நின்றார். 'தம்பி, ஏதும் வெடித்துவிட்டதோ?' என்று மட்டும் கேட்டார். அவருக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எனினும் அக்கை மார்பின்மேல் இருந்த தோற்றம் பல இரவு என்னை உறங்கவொட்டவில்லை.

அன்றிரவு அப்பா உரத்துப் பேசவில்லை. 'நாளைக் காலையில் அந்தப் பெட்டி போகவேண்டும். அதனோடு கிட்டாரும் போகட்டும். உன் அண்ணனிடம் நான் சொல்லிக்கொள்ளுகிறேன்' என்றார். பெட்டி போவதில் எனக்கு வருத்தமில்லை. கிட்டாருக்காக ஒரு மாதத் தவணை கேட்டேன். அம்மா இடையிற் புகுந்து இரண்டு மாதமாக்கினார்.

இவ்விரு மாதத்தில் யான் கற்றவற்றைச் சொல்லுகின்றேன். பெரிய பெட்டியை மெல்ல வாசித்தால் போதுமே, அதில் என்ன இடர் என்பது என் முதல் ஐயம். பௌதிகம் பயிலும் நண்பர் ஒருவர் மைதானத்து வேப்பமரத்தடியில் அமர்ந்து இதனை எனக்கு விளக்கினார். ஒலியின் வலிமையை டெசிபெல் என்னும் அளவையால் அளப்பர். வாட் இருமடங்கானால் டெசிபெல் 3 மட்டுமே ஏறும். கேட்குஞ் செவிக்கு ஓசை இருமடங்காகத் தோன்ற வேண்டுமாயின் ஏறத்தாழ 10 டெசிபெல் ஏறவேண்டும். அதற்கு வாட் பத்து மடங்காதல் வேண்டும். ஆகவே, ஸ்பீக்கர் ஒன்றேயாயின், 100 வாட் பெட்டி 10 வாட் பெட்டியினும் பத்து மடங்கு உரத்ததன்று, இருமடங்கே உரத்தது. பெட்டியின் முகத்திலெழுதிய வாட் எண்ணைக் கண்டு மயங்குவோரும், அவ்வெண்ணைச் சொல்லி விற்போரும் இக்கணக்கை அறிந்தார்போலத் தோன்றவில்லை.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. செலஷன் நிறுவனத்தாரின் வின்டேஜ் 30 என்னும் 12 அங்குல ஸ்பீக்கர், ஒரு வாட் ஊட்டினால் ஒரு மீட்டர் தொலைவில் 100 டெசிபெல் ஒலிப்பது. வீட்டில் இருவர் அமர்ந்து பேசும் பேச்சோ 60 டெசிபெல் அளவினது. இடைவெளியாகிய 40 டெசிபெலைக் கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு வாட்டிற் பதினாயிரத்தில் ஒரு பங்கே பேச்சளவான ஓசைக்குப் போதும்! அங்ஙனமாயின் 40 வாட் பெட்டியை வீட்டில் வைத்திருப்பவன், அதன் ஆற்றலில் மிகமிகச் சிறிய பகுதியையே ஆளமுடியும். அச்சிறு பகுதி ஒலிக்குமிழின் தொடக்கத்திலே, ஒன்றும் கேளாமைக்கும் இடி முழக்கத்துக்கும் நடுவேயுள்ள மயிரிழையிலே அடங்கிக் கிடக்கும். சார்வாளை அன்று திண்ணைக்கு ஓட்டியது அந்த மயிரிழையே.

மற்றொன்று, செவியின் இயல்பு. 1933-ஆம் ஆண்டில் பிளெட்சர், மன்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், ஓசை குறையுந்தோறும் மந்தசுரங்களை நம் செவி பெரிதும் இழந்துவிடுகின்றது என்பதை அளந்து காட்டினர். உரத்து வாசிக்கும்போது நிறைவாய் ஒலித்த பெட்டி, மெல்ல வாசிக்கும்போது மெலிந்து ஒலிப்பதற்கு இஃதொரு காரணம். பெட்டியின் மேற் குறை கூறுவதற்கு முன், மந்தத்துக்குரிய குமிழைச் சற்றே உயர்த்திப் பார்த்தல் நன்று. கடையில் உரக்க வைத்துக் கேட்டு 'ஆகா!' என்று வாங்கியவர், வீட்டிற்கு வந்து ஏமாற்றமடைவதும் இதனாலேயே.

வால்வுப் பெட்டியே உத்தமம் என்று கூறுவோர் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. வால்வை அதன் எல்லைக்கு முடுக்கினால் ஒலியலையின் முகடுகள் மழுங்கி, ஓசை கரகரத்துத் தடிக்கும். பழுதென்று பொறியாளர் ஒதுக்கிய அக்கரகரப்பை அமெரிக்கக் கறுப்பினத்து ப்ளூஸ் இசைஞர் அணியாக ஏற்றனர்; அவர்வழி ராக் இசைஞரும் ஏற்றனர். குரல் கம்மிய பாடகரின் பாட்டில் ஒரு சுவையிருப்பதை நம்மவரும் அறிவரன்றோ? ஆனால் எல்லைக்கு முடுக்கினால்தான் அக்கரகரப்புப் பிறக்கும். முடுக்கினாலோ சார்வாள் திண்ணைக்கு வருவார். 1947-ஆம் ஆண்டின் இறுதியில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டர், விலையையும் எடையையும் சூட்டையும் குறைத்தது. அண்மைக் காலத்தில் வந்த எண்முறைப் பெட்டிகளோ, வால்வின் கரகரப்பை ஒரு சிறு சில்லின் கணக்கினாலே போலிசெய்து, எவ்வளவு மெல்லிய ஓசையிலும் தருகின்றன. போலி போலியே என்பார் சொல்லட்டும். ஒரு சுவர் வீட்டில் வாழ்வோர்க்கு அப்போலி பெரும்பேறு.

சிறு பெட்டி இழிவானதென்னும் எண்ணம் எனக்கும் முன்பு இருந்தது. வரலாற்றைத் தேடியபோது அது நீங்கிற்று. ஃபெண்டர் என்பார் 1948-இல் மாணாக்கர்க்கென்றே சாம்பியன் என்னும் சிறு பெட்டியை வெளியிட்டார். அதன் வழிவந்த சாம்ப் என்னும் பெட்டி 5 வாட் அளவினதேயாயினும், ஒலிப்பதிவுக் கூடங்களிற் பெருங்கலைஞர் பலர் அதனை விரும்பிக் கைக்கொண்டனர். 1964-இல் கிங்ஸ் என்னும் ஆங்கிலக் குழுவினர் உலகறிந்த பாட்டொன்றைப் பதிவுசெய்தபோது, அதன் கிட்டார் ஓசை பிறந்தது எல்பிகோ என்னும் மலிவான சிறு பெட்டியினின்று. டேவ் டேவிஸ் என்னும் இளைஞர் அதன் ஸ்பீக்கர்க் கூம்பைச் சவரக்கத்தியாற் கிழித்து அக்கரகரப்பைப் பெற்றார். (படிக்கும் நண்பர்கள் இதனை முயலவேண்டா.) நம் பழைய நூல்களைப் பாருங்கள்: சீறியாழ் மீட்டுவோர் சிறுபாணர், பேரியாழ் மீட்டுவோர் பெரும்பாணர். இருவர்க்கும் ஒவ்வோர் ஆற்றுப்படை உண்டு. சிறுபாணனுக்குப் பரிசில் குறைந்ததென்று யாண்டும் படித்திலேன்.

இனிக் கடைக்குச் செல்வோம். பள்ளிச் சிறுவர் நால்வர்க்கு மாலைதோறும் இலக்கணம் கற்பித்துச் சேர்த்த 9,500 ரூபாய் என்னிடமிருந்தது. அதனை எடுத்துக்கொண்டு ஆடி மாதத்து ஒரு சனிக்கிழமை மதுரைக்குப் பேருந்தேறினேன். அண்ணனின் கிட்டாரையும் உடன் கொண்டுசென்றேன். இதனை முக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். கடையிலுள்ள விலையுயர்ந்த கிட்டாரால் வாசித்துப் பெட்டியைச் சோதித்தல், பிறர் வீட்டுக் கறியோடு உண்டு தன் வீட்டு அரிசியைப் புகழ்வது போலாகும்.

கடைக்காரர் நல்லவர், ஆனால் பெரிய பெட்டிமேலேயே அவர்க்குக் காதல். முதலில் 50 வாட் பெட்டியொன்றை முழக்கிக் காட்டினார். 'அண்ணே, வீட்டில் வாசிப்பதற்கு' என்றேன். 'நாளைக்கு மேடை ஏறினால் என்ன செய்வீர்கள் தம்பி?' என்றார். அவ்வினா என்னையும் ஒரு கணம் அசைத்தது. வரப்போகும் மேடைக்காக இருக்கும் வீட்டை இடிப்பதா? மேடை ஏறும் நாளில் சிறு பெட்டியின் முன்னே ஒரு மைக்கை வைத்தால் மேடையின் ஒலிபெருக்கிகளே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இதனை அவரிடம் பணிவாகவே சொன்னேன். சிரித்துக்கொண்டு, சிறியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார்.

யான் செய்த சோதனை ஒன்றே. பெட்டியை ஒலிக்கச் செய்து, அதன்மேல் கடைக்காரரும் யானும் குரலை உயர்த்தாமற் பேசக்கூடுமளவுக்கு ஓசையைக் குறைத்தேன். அவ்வளவிற் கேட்டு மகிழக்கூடியதா என்பதே கேள்வி. அவருக்கு இது வேடிக்கையாயிருந்தது; இருபதாண்டாக வருவோர் யாவரும் ஓசையை ஏற்றியே கேட்பர், இறக்கிக் கேட்டவரைக் கண்டதில்லை என்றார். தாம் பேச்சளவைக் காட்டுவதற்காகத் தம் மகளின் திருமணச் செலவுக் கணக்கை எனக்குச் சொல்லத் தொடங்கினார். அக்கணக்கின் ஊடேதான் ஐந்து பெட்டிகளையும் கேட்டேன்.

ஒன்றின் பெயரைச் சொல்லேன். கிட்டார் வாய்மூடியிருந்தபோதும் அது 'உஸ்ஸ்' என்று இரைந்துகொண்டேயிருந்தது. உரத்து வாசிக்கும்போது புலப்படாத இவ்விரைச்சல், மெல்ல வாசிக்கும்போது இசையோடு போட்டியிடும். பாஸ் நிறுவனத்தாரின் கட்டானா மினி என்பது கைப்பை அளவினது. 7 வாட், 4 அங்குல ஸ்பீக்கர். சிறு பாட்டரிகள் ஆறு இட்டாலும் பாடும். மின்தடை நேரத்துக்கு இஃதோர் அருந்துணை. மூன்று வகைக் குரல்களையும் எதிரொலியையும் அச்சிறு உருவம் தருவது வியப்பே. விடுதி அறையில் வாழ்வோர்க்கு இதனையே பரிந்துரைப்பேன். ஆரஞ்சு நிறுவனத்தாரின் கிரஷ் 12, கரகரத்த ஓசையிற் பெருமிதமுடையது. அதன் செம்மஞ்சள் நிறத்தைக் கண்டால் ஆச்சிக்குப் பிடிக்கும் என்று தோன்றிற்று. ஆனால் நிறத்துக்காக வாங்குதல் முறையன்று. மார்ஷல் பெட்டியின் 10 வாட் சிறுவடிவத்தையும் கேட்டேன். ராக் இசையையே நாடுவார்க்கு உகந்தது. எனக்கோ, கீர்த்தனைகளுக்குச் சுரம் பிடிக்கவும், கம்பியை ஒவ்வொன்றாய் வருடி வாசிக்கவும், கரகரப்பற்ற தெள்ளிய குரலே முதன்மையாக வேண்டியிருந்தது. அத்தெளிவை ஃபெண்டரின் பிரண்ட்மேன் 10ஜி என்னும் பெட்டியிற் கண்டேன். 10 வாட், 6 அங்குல ஸ்பீக்கர், நான்கே குமிழ்கள். ஹெட்போன் பொருத்தும் துளையும், கைப்பேசியிலிருந்து பாட்டைச் செலுத்தி உடன் வாசிக்கும் துளையும் உண்டு. இவ்விரு துளைகளும் வீட்டில் வாசிப்பவனுக்குக் கண்ணிரண்டு போல்வன; இவை இல்லாத பெட்டியை, எத்துணை மலிவாயினும், யான் வாங்கேன். அதன் கரகரத்த குரல் என் செவிக்கு அத்துணை இனிக்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை. கைப்பணம் மும்மடங்காயிருந்தால், ஒரு விசையைத் தள்ளி அரை வாட் அளவுக்குக் குறைக்கக்கூடிய கட்டானா 50-ஐத் தூக்கிவந்திருப்பேன். 12 அங்குல ஸ்பீக்கரின் நிறைவும் வாய்த்திருக்கும். இல்லாத பணத்தைப் பற்றி என்ன பேச்சு?

ஆறங்குல ஸ்பீக்கரில் மந்தசுரம் எழுமோ என்பது பலர் ஐயம். கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்வது. அவ்வதிர்வை அச்சிறு கூம்பு முழுமையாகத் தராது என்பது உண்மையே. எனினும் அச்சுரத்தோடு கூடப் பிறக்கும் மேல்நிலை அதிர்வுகளைக் கொண்டு நம் செவி அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்கின்றது. அடி சிதைந்த ஏட்டிலே எதுகையையும் சீரையும் கொண்டு விடுபட்ட சொல்லை ஊகிக்கும் பதிப்பாசிரியரைப் போன்றதே செவியும்.

கடைக்காரர் விலையிற் சிறிது குறைத்து, கம்பிவடம் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். 4 கிலோ அளவே கனக்கும் அப்பெட்டியை மடியில் வைத்து, கிட்டாரைக் கால்களின் நடுவே நிறுத்திக்கொண்டு ஊர் திரும்பினேன். நடத்துநர், 'ரெண்டுக்கும் டிக்கெட் வேண்டாமா?' என்று வினவினார்.

வீட்டில் வேறோர் இடர் காத்திருந்தது. பெட்டியை இணைத்ததும் 'ர்ர்ர்' என்றோர் உறுமல். கடையில் இவ்வுறுமல் இல்லை. குழல்விளக்கை அணைத்தேன்; சிறிது தணிந்தது. கிட்டாரைப் பிடித்தபடியே மெல்லத் திரும்பினேன். ஒரு திசையில் மேலும் தணிந்தது. கிட்டாரின் சுருள்கள் சுற்றிலுமுள்ள மின்கருவிகளின் புலத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்பின என்பதை அறிந்திருந்தேன். ஆயினும் முற்றும் அடங்கவில்லை. கம்பியைத் தொட்டபோது விரல்நுனியில் ஓர் எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சியும் இருந்தது.

அப்பா வாயிற்படியில் நின்று இதனைக் கேட்டுக்கொண்டேயிருந்தார். அவர் மின்துறையில் முப்பதாண்டு உழைத்தவர். அருகே வந்து, 'எங்கே, அந்தக் கம்பியை நான் தொட்டுப் பார்க்கிறேன்' என்று புறங்கையாலே தொட்டார். முகம் மாறிற்று. சோதனை விளக்கைக் கொண்டு சுவர்த்துளையை ஆராய்ந்தார். மூன்றாம் துளைக்கு எர்த் இணைப்பே இல்லை! புறக்கடையிற் பார்த்தபோது, நிலத்தினுள் இறங்கும் கம்பி என்றோ அரித்து அற்றுக் கிடந்தது. ஊரெல்லாம் மின்னிணைப்பைச் செம்மைசெய்தவர் வீட்டில் எர்த் இல்லை என்று அம்மா சிரித்தார்; அப்பா சிரிக்கவில்லை. மறுநாள் ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழி தோண்டினார். யான் கரியையும் உப்பையும் மாறி மாறிக் கொட்டினேன். ஆச்சி கட்டிலில் அமர்ந்தபடியே, 'உப்பை வீணாக்காதீர்கள்' என்று மேற்பார்வை செய்தார். புதுத் தகடும் கம்பியும் இறங்கின. மாலையிற் பெட்டியை இணைத்தோம். உறுமல் ஏறக்குறைய ஓய்ந்தது. விரலில் எறும்பும் இல்லை. 'இதற்காகவாவது உன் பெட்டி வந்தது நல்லது' என்றார் அப்பா. கிட்டாரை விற்கும் பேச்சு அதன்பின் எழவில்லை. பெட்டி வாங்கும் நண்பர், முதலில் தம் வீட்டு மூன்றாம் துளையைச் சோதித்துக்கொள்வாராக. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டியாயின், 120 வோல்ட்டுக்கு உரியதா, நம் 230 வோல்ட்டுக்கு உரியதா என்று பின்புறத்தைப் படித்தபின்னரே இணைப்பாராக.

பெட்டியைத் தரையில் வைத்தேனல்லேன். நாற்காலியின்மேல், முகம் என் செவியை நோக்கச் சற்றே சாய்த்து வைத்தேன். தரையில் வைத்தால் ஓசை கணுக்காலுக்குப் போகும். நாம் கேளாமையால் மேலும் மேலும் ஏற்றுவோம். மூலையிலே சுவரை ஒட்டி வைத்தால் மந்தம் பெருகும். எனக்குச் சார்வாளின் சுவரே அச்சமாதலால், எதிர்ச்சுவரை அடுத்து வைத்தேன். இரவு எட்டரைக்கு மேல் ஹெட்போன்.

முதல் வாரத்தில் நாள்தோறும் சார்வாள் வீட்டுத் திண்ணையைக் கடக்கும்போது அவர் முகத்தை நோக்குவேன். அவர் செய்தித்தாளினின்றும் தலையெடுப்பதில்லை. எட்டாம் நாள் யானே சென்று, 'சார்வாள், தொந்தரவு ஏதும் உண்டா?' என்று கேட்டேன். 'எது?' என்றார். பெட்டி வாங்கி வாசித்து வருவதைச் சொன்னேன். 'அப்படியா! நான் வானொலி என்றல்லவா எண்ணியிருந்தேன்?' என்றார். இதனைப் புகழ்ச்சியாகக் கொள்வதா என்பது இன்னும் எனக்கு விளங்கவில்லை.

ஆச்சியின் குறையோ நேர்மாறு. மாலை ஜெபத்தின்போது அவர் தம் இளமையிற் பாடிய கீர்த்தனைகளைப் பாட, யான் உடன் வாசிக்கின்றேன். அவர் செவி மந்தமாகிவிட்டது. 'சத்தமே இல்லையே, பெட்டி பழுதா?' என்று நாள்தோறும் வினவுகின்றார். அவருக்கு மட்டும் ஹெட்போனை மாட்டிவிடலாம் என்றேன். கன்னத்தை இறுக்குகின்றதென்று கழற்றி வைத்துவிட்டார். ஆகவே நாற்காலியை அவர் கட்டிலின் அருகே நகர்த்திக்கொள்ளுகின்றேன்.

அண்ணனுக்குச் செய்தி சொன்னோம். கப்பல் துறைமுகத்தில் நின்ற ஒரு நாள் அவன் தொலைபேசியில் அழைத்து, 'வாசி, கேட்போம்' என்றான். கைப்பேசியைப் பெட்டியின் முன்னே பிடித்து வாசித்தேன். நெடுநேரம் பேசவில்லை, இணைப்பு அற்றதென்றே நினைத்தேன். பின்னர், 'ஐந்தாம் கம்பியில் சுருதி இறங்கியிருக்கிறது' என்றான். வரும் பங்குனியில் விடுமுறைக்கு வருகின்றான். கிட்டாரை அவன் திரும்பப் பெறுவதில் எனக்குத் தடையில்லை, அது அவனுடையது. பெட்டி என்னுடையது என்பதை மட்டும் இம்மலரின் வாயிலாக இப்பொழுதே பதிந்துவைக்கின்றேன்.